ஏழு நாள் உத்தரவாதம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் மறுபடியும். ஐந்து மணிக்குப் படிக்க எழுந்தாள். ஆறு மணிக்குக் குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம். கதவுக்கு வெளியே நின்று "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. வந்துடுச்சு, அவ்ளோதான்." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டாள். பள்ளிக்குப் போகவில்லை. இந்தக் கல்வியாண்டில் இது பத்தொன்பதாவது நாள். நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

மருத்துவர் மூன்று தடவை பார்த்தாயிற்று. ஸ்கேன் எடுத்தாயிற்று. வயிற்றில் ஒன்றுமில்லை. பள்ளி இறுதி ஆண்டு, பதினேழு வயது, பரீட்சை பயம்தான் என்றார். "வீட்ல ஏதாவது வளர்க்கச் சொல்லுங்க. மனசு கொஞ்சம் திசை திரும்பும்." இதைச் சொல்வதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார். மகள் மீன் கேட்டாள். வண்ணமீன் கடைக்காரம்மா போன சனிக்கிழமை தொட்டியை மட்டும் விற்றுவிட்டு, மீன் அடுத்த வாரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீர் பழக வேண்டுமாம். ஆக, வரவேற்பறையில் நான்கு நாட்களாக ஒரு தொட்டித் தண்ணீர் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. மகள் அதன் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள். இவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "என்ன, இன்னைக்கு மீன் எல்லாம் வெளியூர் போயிருக்கா?" என்கிறார்.

ஒன்றை நான் மருத்துவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவளுக்கு வாந்தி வருவதில்லை. ஐந்து மாதத்தில் ஒரு ஞாயிறுகூட.

எனக்கு அது போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று அலுவலகத்தில் பதினான்கு கோரிக்கைகள். பதினொன்றை மறுத்தேன். துணி துவைக்கும் இயந்திரம் 'தானாகவே' நின்றுவிட்டது என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே சாவிக்கொத்து. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த உத்தரவாதப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. தாங்கள் சொல்வதை அவர்களே நம்பிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். எனக்கு அலுவலகத்தில் 'தள்ளுபடி மேடம்' என்று பெயர். ஆடி மாதக் கடைகள் போடும் தள்ளுபடி அல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி நல்லா இருக்கே?"

தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். "தெரியல."

"யோசிச்சுப் பாரு."

"தெரியலம்மா. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

இவர் என்னைப் பார்த்து, போதும் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

பிப்ரவரி 8, சனி

மீன் வாங்கியாயிற்று. கடையில் ஒன்றரை மணி நேரம்!

கடைக்காரம்மாவுக்கு அறுபது இருக்கும். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, முழங்கை வரை ஈரம். என்னைப் பார்த்ததும் "வாங்க டீச்சரம்மா" என்றார். நான் டீச்சர் இல்லை என்றேன். "சரி டீச்சரம்மா" என்றார்.

மகள் நீல நிறத்தில் மின்னும் ஒரு கூட்டத்தைக் காட்டினாள். "அது நேத்து வந்த சரக்கு. தர மாட்டேன். பத்து நாள் இங்க இருந்து பிழைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." இன்னொரு தொட்டியில் ஒரு மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "அதோட கூட இருக்கறதும் வேண்டாம். ஒண்ணு சரியில்லன்னா அந்தத் தொட்டியே சரியில்ல." விற்கிறவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. இது ஒரு புதிய வியாபாரத் தந்திரமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆறு கப்பி மீன்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, துடுப்பு விரிந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளி உண்டா என்று மகளையே பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு சிட்டிகை தீனி. தின்ற பிறகுதான் பையில் போட்டார். தின்னாத ஒன்றைத் திருப்பி விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். இரண்டு நத்தைகள் இலவசம். தன் தொட்டியில் ஊறிப் பழகிய பஞ்சு ஒன்றையும் தந்து, வடிகட்டியில் வைக்கச் சொன்னார்.

பிறகு ஒரு கார்டு. ஏழு நாள் உத்தரவாதம். மீன் செத்தால் செத்த மீனோடு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும்: ஒன்று தொட்டித் தண்ணீர், இன்னொன்று தொட்டிக்கு எங்கே பிடிக்கிறோமோ அந்தத் தண்ணீர். தண்ணீர் நன்றாக இருந்தால் மாற்று மீன். தண்ணீரில் குறை இருந்தால் இல்லை.

படித்ததும் சிரிப்பு வந்தது. எல்லா உத்தரவாதத்திலும் இப்படி ஒரு வாசல் இருக்கும், விற்றவர் வெளியேறிப் போவதற்கு. எங்கள் நிறுவனத்தின் வாசல் 'முறையற்ற பயன்பாடு'. இந்த அம்மாவுடையது தண்ணீர். சோதிப்பதும் அவரே, தீர்ப்பும் அவருடையதே.

பிப்ரவரி 9, ஞாயிறு

எட்டு மணிக்கு எழுந்தாள். வாந்தி இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலை வாந்தி. ஆனாலும் பள்ளிக்குப் போனாள். மீன்களை விட்டுப் போக மனமில்லாமல் போனாள் என்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் படிக்க உட்காருமுன் குளியலறை ஹீட்டர் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்துக் குடிப்பாள். வெறும் வயிற்றில் வெந்நீர் நல்லது, அதற்காக அடுப்பைப் பற்றவைக்காதே என்று நான்தான் பழக்கினேன். இன்று அப்படியே மீன்களுக்கும் ஒரு குவளை ஊற்றியிருக்கிறாள். "காலைல குளிருதுல்ல அதுங்களுக்கும்? எனக்கு ஒரு டம்ளர், அதுங்களுக்கு ஒரு டம்ளர்."

இவளிடம் இவ்வளவு கரிசனம் இருப்பது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நத்தைகள் இரண்டும் செத்துவிட்டன. நாற்றம்.

பிப்ரவரி 12, புதன்

மகள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் மூன்று மீன்கள் பக்கவாட்டில் மிதக்கின்றன. மகள் அழவில்லை. ஒரு கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். "நான் என்ன பண்ணினேன்?" என்றாள். நீ ஒன்றும் செய்யவில்லை, கடைக்காரி தலையில் கட்டிவிட்டாள் என்றேன். அவ்வளவு நாடகம் நடத்தி ஏமாற்றியிருக்கிறாள்! எனக்கு வந்த கோபம் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

இரவு அக்கா தொலைபேசியில். மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதேதான், காலையில் வாந்தி என்றேன். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. காலைல காலைல வாந்தின்னா… எதுக்கும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துடேன்."

"என்னக்கா பேசறே?"

"நீயே சந்தேகப் பிராணி. உனக்குத் தோணலையா?"

தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. தோன்றியபின் எப்படி அழிப்பது?

பிப்ரவரி 13, வியாழன்

மாலை நேரே மீன் கடைக்குப் போனேன். செத்த மீன்கள் மூன்று. இரண்டு பாட்டில்கள். ஆனால் அந்த இரண்டு பாட்டிலிலும் நான் பிடித்துப் போனது சமையலறை ஃபில்டரில் வருகிற குடிதண்ணீர். ஒன்றில் 'தொட்டி' என்று எழுதி ஒட்டினேன். மற்றதில் 'குழாய்'. எதைக் கொடுத்தாலும் 'உங்க தண்ணி சரியில்ல' என்றுதான் சொல்லப்போகிறார். அந்த வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு, இது சுத்தமான குடிதண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது திட்டம்.

கடைக்காரம்மா சின்னக் குப்பிகளில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, வண்ண அட்டையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே தண்ணி, டீச்சரம்மா."

அவர் பாட்டில்களை என் பக்கம் நகர்த்தினார்.

"மீன் இருந்த தண்ணில அதோட கழிவு கொஞ்சமாவது இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. குடிக்கிற தண்ணிய எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். காது சூடாகிவிட்டது. பாட்டில் மாறிவிட்டது என்றேன். 'தொட்டி' என்று என் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த பாட்டில்! அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் வேறு மூன்று மீன்களைப் பிடித்தார். "கார்டு கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா நாளைக்கே நிஜத் தண்ணிய எடுத்துட்டு வாங்க. நத்தையும் போச்சுன்னு சொல்றீங்க, எனக்கு அதுதான் உறுத்துது."

வருகிறேன் என்றேன். இனி அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்.

வரும் வழியில் மருந்துக்கடை. அக்கா சொன்னதை வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். என்னைப் பார்த்து, இந்த வயசிலா என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

எப்படிக் கேட்பது? கேட்கத் தெரியவில்லை. என் அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. காலையில் அந்தப் பெட்டியைக் குளியலறையில் அவள் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். ஒரு வார்த்தை எழுதிக்கூட வைக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

வீட்டில் என் மேசையில், கோப்புகளின் மேல், அந்தச் சோதனைக் குச்சி இருந்தது. ஒரே கோடு. பக்கத்தில் நான் அலுவலகத்தில் பயன்படுத்தும் மஞ்சள் ஒட்டுத்தாள். அதில் அவள் கையெழுத்தில் ஒரு சொல்:

ஆதாரம்.

பிப்ரவரி 15, அதே நாள்

உட்கார்ந்தே இருக்கிறேன். அவள் அறைக்குப் போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட வா" என்றேன்.

"பசிக்கல" என்றாள். அப்புறம், திரும்பாமலே: "இத வாயால கேட்டிருக்கலாம்லம்மா. கேட்டா பொய் சொல்லுவேன்னு நினைச்சியா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது?

இவருக்குத் தெரியாது. சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மாற்று மீன்களில் இரண்டு போய்விட்டன. இந்தத் தடவையும் நான்கே நாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாமே என்றார் இவர். வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை. அந்த அம்மாவின் முகத்தில் விழிக்க வெட்கம்.

காலையில் வாந்தி. இப்போதெல்லாம் சத்தம் வராமல் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு எடுக்கிறாள்.

பிப்ரவரி 19, புதன்

எங்கள் இருவருக்கும் நடுவில் இவர் மொழிபெயர்ப்பாளர். "அம்மா கேக்கறாங்க, பொரியல் வேணுமான்னு." "வேணாம்னு சொல்லுங்கப்பா." "வேணாமாம்." என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நான்கரை மணிக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி. "டீச்சரம்மாவா? மீன் கடை. உங்க பொண்ணு இங்க இருக்கு. பயப்படாதீங்க. ஆனா உடனே வாங்க."

என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஓடினேன். மகள் கடையில் ஒரு முக்காலியில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கார்டு. நான் போகமாட்டேன் என்று தெரிந்து, காலையிலேயே இரண்டு பாட்டிலில் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்திருக்கிறாள். கார்டில் எழுதியபடியே: ஒன்று தொட்டித் தண்ணீர், மற்றது தொட்டிக்குப் பிடிக்கிற தண்ணீர். ஹீட்டர் தண்ணீர்.

மேசையில் இரண்டு குப்பிகள். ஒன்றில் நல்ல நீலம். மற்றதில், ஹீட்டர் தண்ணீரில், மை கொட்டியதுபோல. வண்ண அட்டையில் அந்த நிறமே இல்லை. அட்டையின் கடைசிக் கட்டம் அதன் பக்கத்தில் வெளுத்துத் தெரிந்தது.

"இது செம்பு இருக்கான்னு பார்க்கிற மருந்து" என்றார் கடைக்காரம்மா. "நத்தைதான் முதல்ல போகும். அதான் அன்னைக்கே கேட்டேன். இருபத்தஞ்சு வருஷத்துல குழாய்த் தண்ணில இப்படி ஒரு நிறம் நான் பார்த்ததில்ல. இந்தத் தண்ணிய வீட்ல வேற எதுக்காவது…" நிறுத்தினார். "யாராச்சும் குடிக்கிறீங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் குடிக்கிறேன் ஆன்ட்டி" என்றாள் மகள். "தினமும். காலைல எழுந்ததும். அம்மாதான் சொன்னாங்க."

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. குப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சா உனக்கு என்ன பண்ணும்?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"வாந்தி வரும்."

கடைக்காரம்மா மெதுவாக ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

வெளியே வந்ததும் தெருவிலேயே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்தான் முதலில் எழுந்து அரைமணி நேரம் குளிப்பார். இரவெல்லாம் ஹீட்டருக்குள் கிடந்த தண்ணீர் அதோடு போய்விடும். எட்டு மணிக்கு எழுந்து இவள் குடிப்பது அப்போதுதான் ஏறிய புதுத் தண்ணீர். நானும் இவரும் சமையலறைத் தண்ணீர்தான் குடிப்போம். அடக் கடவுளே. நான் வைத்திருந்த ஒரே ஆதாரம் அது.

அதுவும் அன்றைக்கே… பதின்மூன்றாம் தேதி நான் நிஜத் தண்ணீரைக் கொண்டுபோயிருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும். பதினான்கு, பதினைந்து, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இன்று. ஆறு காலை. ஆறு டம்ளர். ஐந்து மாதம் தெரியாமல் கொடுத்தேன். இந்த ஆறு? இந்த ஆறையும் நான் என் சாமர்த்தியத்தால் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

விடுப்பு. காலையிலேயே மருத்துவரிடம். விவரத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணியப் பத்தி யாரும் சொல்லவே இல்லையேம்மா" என்றார். யாரும் கேட்கவும் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி? இரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கொஞ்சம் சிரமப்பட்டிருக்கலாம், குடிப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், முடிவு வரட்டும் என்றார். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் எத்தனை கடிதங்களில் எழுதியிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று தெரியாது.

மதியம் பிளம்பர் வந்து ஹீட்டரைக் கழற்றினார். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வீட்டு உரிமையாளர் பெருமையாகச் சொன்னது: உள்ளே அசல் செம்பு, காலத்துக்கும் கவலையில்லை. பிளம்பர் டார்ச் அடித்துக் காட்டினார். உள்பூச்சு முழுவதும் உரிந்து, பச்சையும் நீலமுமாகப் பொருக்குப் பொருக்காக.

"செம்புப் பாத்திரத் தண்ணி உடம்புக்கு நல்லதும்பாங்களே" என்றார் இவர், பாவம், யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"பாத்திரத்தத் தேய்ச்சுக் கழுவறோம் சார். இத யாரு கழுவினா? உங்க தண்ணிக்கும் கொஞ்சம் அரிக்கிற குணம் இருக்கு. ராத்திரி பூரா சூட்டுல ஊறுது. குழாய்க்குக் கீழ பீங்கான்ல பச்சைக் கறை வரலையா?"

வந்தது. மாதக்கணக்காக வந்தது. வாரம் ஒருமுறை எலுமிச்சையும் உப்பும் போட்டு நானே தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பளிச்சென்று.

பிப்ரவரி 22, சனி

காலை. வாந்தி இல்லை.

ஐந்து மணியிலிருந்து குளியலறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்து என் காலைத் தாண்டிப் போய், பல் தேய்த்துவிட்டு, மறுபடியும் தாண்டிப் போனாள்.

பிப்ரவரி 24, திங்கள்

மூன்றாவது நாள். இல்லை.

ஆய்வகத்தில் கொடுத்த தண்ணீரின் அறிக்கை வந்துவிட்டது. செம்பு, குடிக்கத் தகுந்த அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அறிக்கையை மகள் வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "இப்ப நம்பறியா?" என்றாள்.

"வியாழக்கிழமையே நம்பிட்டேன்."

"அன்னைக்கும் அந்த நீலத் தண்ணியப் பார்த்துத்தானே நம்பினே? நான் சொன்னதுக்கு இல்லையே." குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. "மீனு செத்ததுக்குப் பாட்டில எடுத்துக்கிட்டு ஓடினே. நான் அஞ்சு மாசமா சொல்றேன். எனக்குக் கார்டு இல்லம்மா, அதான்."

தப்பிக்க வழி தேடிப் பார்த்தேன் — மருத்துவரும் அதையேதானே சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வராததை யாராக இருந்தாலும்… எதுவும் வாயை விட்டு வரவில்லை, நல்ல வேளை. "தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன். "அந்தப் பெட்டிய வச்சது அதவிடப் பெரிய தப்பு." இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

"ம்" என்றாள். எழுந்து போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

மீன் கடைக்குப் போனேன். பாட்டில் மாறியது தவறுதலாக அல்ல, வேண்டுமென்றுதான் கொண்டுவந்தேன் என்று சொன்னேன்.

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் டீச்சரம்மா. செத்த மீனை மாத்திக் கொண்டு வருவாங்க, வேற கடை மீனைக் கொண்டு வருவாங்க, ஃபிரிட்ஜ்ல வச்சிருந்து ஒரு மாசம் கழிச்சு நேத்துதான் செத்துச்சும்பாங்க. மோசமான தண்ணிய வீட்ல வச்சுக்கிட்டு நல்ல தண்ணிய எடுத்துட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். எதுக்குன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

"நீங்க சொல்றது பொய்னு நிரூபிக்கத்தான்."

"அப்ப நான் பாஸா?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. புது மீன் கேட்டதற்குத் தர மறுத்துவிட்டார். தொட்டியைக் கழுவி, சமையலறைத் தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம் ஓடவிட்டு, மகள் கையில் பாட்டில் கொடுத்தனுப்ப வேண்டுமாம். "உங்க கையில வேண்டாம்."

மார்ச் 1, சனி

இரத்தப் பரிசோதனை முடிவு. கல்லீரல் நொதிகளின் அளவு கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை. மூன்று வாரத்தில் மறுபடி. இவர் காரில் ஏறியதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மகள் பின்னாலிருந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குத் தட்டிக்கொடுக்கவில்லை. சரி.

மார்ச் 5, புதன்

அக்காவிடம் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும், "நான் சும்மா ஒரு எச்சரிக்கைக்குத்தான்…" என்றாள். நீ சொன்னது ஒரு வாக்கியம், அதை வாங்கிக்கொண்டு போனது நான்தான் என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, வலித்ததா, தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில் ஒரு கோரிக்கை. மின்விசிறி 'காலையில் மட்டும்' சத்தம் போடுகிறதாம். முன்பு இருந்த நான் இதைப் படித்து முடித்திருக்கவே மாட்டேன். காலையில் மட்டும் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார்.

மார்ச் 22, சனி

இரண்டாவது பரிசோதனை. எல்லாம் சரியான அளவில்.

மார்ச் 26, புதன்

காலை ஏழு மணி இருக்கும். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சீருடை போடவில்லை.

"அம்மா, இன்னைக்கு நான் போகல."

ஏன் என்பது என் நாக்கின் நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவளே சொன்னாள். "வயிறு நல்லா இருக்கு. தலைவலி இல்ல. காய்ச்சல் இல்ல. இன்னைக்குப் பரீட்சையும் இல்ல. சும்மா, போகப் பிடிக்கல."

"சரி" என்றேன்.

நின்றுகொண்டே இருந்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தோசை ஒண்ணு போதுமா, ரெண்டா?"

இரண்டு தின்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து இன்று வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். சொந்தக் காரணம் என்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் காரணம் இல்லாமல் எடுக்கும் முதல் விடுப்பு. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன்.

ஒன்பதரைக்கு எழுந்து வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஆபீஸ் போகலையா?"

"போகல."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

அவள் நம்பவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் கழுத்தில். வெகுநேரம் வைத்திருந்தாள்.